திருமுழுக்கும் நீரின் அளவும்: முழுக்கு, ஊற்றுதல், தெளித்தல் பற்றிய கிறித்தவக் கருத்து வேறுபாடுகள்

கிறித்தவ சமயத்தின் பெரும்பிரிவுகள் அனைத்தும் ஒருவரைத் திருச்சபையின் உறுப்பினராக ஏற்கும் சடங்காகத் திருமுழுக்கைக் கொள்கின்றன. குவேக்கர்கள், இரட்சணிய சேனை போன்ற சில அமைப்புகளே நீரால் செய்யும் இச்சடங்கைக் கைக்கொள்ளாமல் விட்டுள்ளன. தமிழ்க் கத்தோலிக்கர் இன்று திருமுழுக்கு என்றும் சீர்திருத்தச் சபையினர் ஞானஸ்நானம் என்றும் வழங்கும் இச்சடங்குக்கு நீர் வேண்டும் என்பதிலும், தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயரால் அது நிகழவேண்டும் என்பதிலும் மிகப் பெரும்பாலோர் ஒத்துப்போகின்றனர். அந்த நீரை எவ்வளவு, எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற இடத்தில்தான் சபைகள் பிரிகின்றன. அப்பிரிவு ஒருவர் பெற்ற திருமுழுக்கை மற்றவர் திருமுழுக்கே அன்று என மறுக்கும் அளவுக்கும் சென்றிருக்கிறது.

வழக்கில் உள்ள முறைகள் மூன்று. உடல் முழுவதும் நீருக்குள் அமிழ்ந்து எழுவது முழுக்கு. தலையின்மேல் நீர் வழிந்தோடும்படி வார்ப்பது ஊற்றுதல். கையால் நீரை எடுத்துத் துளிகளாக விழச் செய்வது தெளித்தல். பெறுபவரை முழங்காலளவு அல்லது இடுப்பளவு நீரில் நிறுத்தி அவர் தலையில் நீர் வார்க்கும் கலப்பு முறையும் பழங்காலம் தொட்டு இருந்துவருகிறது.

இந்த விவாதத்தில் நுழையும் முன் இரண்டு வினாக்களைப் பிரித்துக்கொள்வது இன்றியமையாதது. திருமுழுக்கை யாருக்குக் கொடுப்பது, கைக்குழந்தைக்குமா, நம்பிக்கையை வாயால் அறிக்கையிடக் கூடியவருக்கு மட்டுமா என்பது ஒரு வினா. அதை எந்த முறையில் கொடுப்பது என்பது மற்றொன்று. தமிழ்நாட்டில் குழந்தைத் திருமுழுக்கு கொடுக்கும் சபைகள் பெரும்பாலும் ஊற்றியோ தெளித்தோ கொடுப்பதாலும், பெரியவர்களுக்கு மட்டும் கொடுக்கும் சபைகள் முழுக்கையே வலியுறுத்துவதாலும், இவ்விரு வினாக்களும் ஒன்றே என்ற எண்ணம் பரவியுள்ளது. ஆனால் கிரேக்க, இரஷ்ய மரபுவழித் திருச்சபைகள் கைக்குழந்தைகளை மும்முறை நீரில் அமிழ்த்துகின்றன. குழந்தைத் திருமுழுக்கை முற்றிலும் மறுக்கும் மெனோனைட் சபையினரில் பெரும்பாலோர் வளர்ந்தோரின் தலையில் நீரை ஊற்றுகின்றனர். ஆகவே ஒரு வினாவுக்கான விடை மற்றொன்றைத் தீர்த்துவிடாது. இக்கட்டுரை முறை பற்றிய வினாவை மட்டுமே எடுத்துக்கொள்கிறது.

மறைநூல் சான்றுகள்

புதிய ஏற்பாடு திருமுழுக்கைப் பலமுறை குறிப்பிட்டாலும், அதைச் செய்யும் விதத்தை எங்கும் விதியாக வகுக்கவில்லை. முழுக்கை வலியுறுத்துவோர் நிகழ்ச்சி விவரங்களிலிருந்து வாதத்தைத் தொடங்குகின்றனர். இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றுத் தண்ணீரிலிருந்து ஏறினார் என மாற்கு நற்செய்தி கூறுகிறது. சாலிமுக்கு அருகிலிருந்த அயினோனில் நீர் மிகுதியாக இருந்ததால் திருமுழுக்கு யோவான் அங்கே திருமுழுக்குக் கொடுத்தார் என்கிறது யோவான் நற்செய்தி. பிலிப்பும் எத்தியோப்பிய அரச அலுவலரும் இருவருமாக நீருக்குள் இறங்கியதைத் திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரம் விவரிக்கிறது. தலையில் சிறிது நீர் வார்ப்பதே நோக்கமாயின் ஆற்றுக்குள் இறங்கவேண்டிய தேவை என்ன என்பது அவர்கள் வினா.

மறுதரப்பார் இதே நூலிலிருந்து வேறு நிகழ்ச்சிகளை முன்வைக்கின்றனர். எருசலேமில் ஒரே நாளில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பிலிப்பி நகரச் சிறைக்காவலர் நள்ளிரவில் தம் வீட்டாரோடு திருமுழுக்குப் பெற்றார். இத்தகைய சூழல்களில் முழுக்கு எளிதாக நடந்திருக்க முடியாது என்பது அவர்கள் கருத்து. எருசலேமைப் பொறுத்தவரை இந்த வாதத்தின் வலிமை இன்று குறைந்துவிட்டது. சீலோவாம், பெத்சதா போன்ற பெருங்குளங்கள் அந்நகரில் இருந்தன என்பதோடு, மிக்வே எனப்படும் யூதத் தூய்மைக் குளியல் தொட்டிகள் கோவிலின் சுற்றுப்புறத்தில் ஏராளமாக அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. படியிறங்கி முழுகி எழுவது அக்கால யூதர்களின் அன்றாட வழக்கங்களுள் ஒன்று என்பதை அத்தொட்டிகள் காட்டுகின்றன. எனினும், நீருக்குள் இறங்குவதும் முழுகுவதும் ஒன்றல்ல என்ற மறுப்பு இன்னும் நிற்கிறது. பிலிப்பும் நீருக்குள் இறங்கினார், ஆனால் அவர் முழுகியதாக யாரும் கொள்வதில்லை.

அடுத்து வருவது கிரேக்கச் சொல் பற்றிய வழக்கு. பாப்டிசோ என்னும் வினைச்சொல்லுக்கு அமிழ்த்துதல் என்பதே அடிப்படைப் பொருள் என்பதில் மொழியறிஞரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் நாமான் யோர்தானில் ஏழுமுறை முழுகியதற்கும் இச்சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஆனால் லூக்கா நற்செய்தி பதினோராம் அதிகாரத்தில், உணவுக்கு முன் இயேசு கழுவிக்கொள்ளவில்லை என ஒரு பரிசேயர் வியந்த இடத்திலும் அதே சொல் வருகிறது. எபிரேயர் மடல் ஒன்பதாம் அதிகாரம் பழைய ஏற்பாட்டின் பலவகைக் கழுவுதல்களைச் சுட்டும்போது இதனோடு உறவுடைய பெயர்ச்சொல்லைக் கையாள்வதோடு, சில வசனங்களுக்குப் பின் தெளித்தலைப் பற்றியே பேசுகிறது. சமய வழக்கில் இச்சொல் கழுவித் தூய்மையாக்குதல் என்ற பரந்த பொருளையும் பெற்றிருந்தது என்பதற்கு இவை சான்று. ஆகவே சொற்பொருள் முழுக்கின் பக்கம் சாய்கிறது. பிற முறைகளை முற்றாக வெளியேற்றும் அளவுக்கு அது இறுக்கமானதன்று.

முதல் நூற்றாண்டுகளின் நடைமுறை

மறைநூலுக்கு வெளியே இப்பொருள் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய நேரடிச் சான்று டிடாக்கே எனப்படும் திருத்தூதர் போதனை. முதல் நூற்றாண்டின் இறுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகக் கருதப்படும் இச்சிறுநூலின் கையெழுத்துப்படியைப் பிலோதேயோஸ் பிரியென்னியோஸ் என்னும் கிரேக்க ஆயர் 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் கண்டெடுத்து 1883இல் பதிப்பித்தார். அதன் ஏழாம் அதிகாரம் ஒரு வரிசையைத் தருகிறது: ஓடும் நீரில் திருமுழுக்குக் கொடுக்க வேண்டும், அது கிடைக்காவிட்டால் வேறு நீரில், குளிர்ந்த நீர் இயலாதபோது வெந்நீரில், இரண்டும் இல்லையெனில் தலையில் மும்முறை நீர் ஊற்றலாம். இந்த வரிசையே இரு தரப்புக்கும் ஒருங்கே விடை சொல்கிறது. ஊற்றுதல் கடைசியாக வைக்கப்பட்டிருப்பதால் அது பொதுவழக்கன்று, தேவைக்கு மட்டும் உரியது என்பது தெரிகிறது. ஆயினும் திருத்தூதர்களை அடுத்த தலைமுறையே அதைத் திருமுழுக்காக ஏற்றது என்பதும் அதே வரியால் உறுதியாகிறது.

மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், மூன்று திருப்பெயர்களையும் சொல்லி மும்முறை அமிழ்த்தும் வழக்கைக் குறிப்பிடுகிறார். அது நற்செய்தியில் கட்டளையிடப்பட்டதைவிடச் சற்று மிகுதியானது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். ஆறு, குளம், கடல், தொட்டி எதுவாயினும் வேறுபாடில்லை என்பதும் அவர் கருத்து. அதே நூற்றாண்டின் நடுவில் படுக்கைத் திருமுழுக்கு பற்றிய சிக்கல் எழுந்தது. சாகும் தறுவாயில் படுக்கையிலேயே நீர் வார்க்கப்பட்டவர் பிழைத்துக்கொண்டால் அவர் முழுமையான கிறித்தவரா என்பதே வினா. உரோமையில் நோவாத்தியன் இவ்வாறு திருமுழுக்குப் பெற்றவர்; அவருக்குக் குருத்துவம் அளிக்கப்பட்டபோது குருக்களும் மக்களும் எதிர்ப்புத் தெரிவித்ததை ஆயர் கொர்னேலியுவின் மடல் காட்டுகிறது. ஆனால் கார்த்தேஜ் ஆயர் சிப்பிரியன், நீரின் அளவால் அருளின் அளவு குறையாது என வாதிட்டு, தூய நீரை உங்கள்மேல் தெளிப்பேன் என்னும் பொருள்பட இறைவாக்கினர் எசேக்கியேல் கூறியதைத் தம் கருத்துக்கு ஆதாரமாக்கினார். சுமார் 315இல் கூடிய நெயோசெசரேயாச் சங்கம் நோயில் திருமுழுக்குப் பெற்றவர் குருவாவதைக் கட்டுப்படுத்தியது. அதற்கு அது காட்டிய காரணம் நீரின் குறைவு அன்று, மனம் விரும்பி வராமல் நெருக்கடியால் வந்த நம்பிக்கை என்பதே.

கட்டடங்களும் ஓவியங்களும் இவ்வெழுத்துச் சான்றுகளுக்குத் துணைநிற்கின்றன, சில இடங்களில் குழப்பத்தையும் கூட்டுகின்றன. சிரியாவின் தூரா யூரோப்போசில் அகழ்ந்தெடுக்கப்பட்ட வீட்டுக்கோவில் மூன்றாம் நூற்றாண்டின் முதற்பாதியைச் சேர்ந்தது. அதிலுள்ள திருமுழுக்குத் தொட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழமுடையது. வளர்ந்த ஒருவர் அதில் மண்டியிட்டோ குனிந்தோ முழுகலாம், நின்றபடி தலையில் நீர் வார்க்கப்பெறவும் செய்யலாம். தொட்டி எதையும் முடிவாகச் சொல்வதில்லை. இத்தாலியின் இரவென்னா நகரில் ஐந்தாம் நூற்றாண்டுத் திருமுழுக்குக் கூடத்தின் குவிமாடத்தில், இயேசு இடுப்பளவு நீரில் நிற்க, யோவான் ஒரு தட்டத்திலிருந்து அவர் தலையில் நீர் வார்ப்பதாக அமைந்த வண்ணக்கல் ஓவியம் உள்ளது. ஊற்றுதலுக்குப் பழஞ்சான்றாக இது பலமுறை எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் அந்தத் தட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீரமைப்பில் சேர்ந்தது. அதே நகரில் அதற்குச் சிறிது பின்னர் எழுந்த, கடவுளின் மூவரிடையே ஏற்றத்தாழ்வு உண்டு எனப் போதித்த ஆரியுசுக் கொள்கையினரின் கூடத்தில் யோவானின் கையில் தட்டம் இல்லை. அவர் இயேசுவின் தலைமீது கைவைத்து நிற்கிறார். ஓவியச் சான்றை எவ்வளவு கவனத்தோடு கையாள வேண்டும் என்பதற்கு இவ்விரு கூடங்களும் போதும்.

இச்சான்றுகள் அனைத்தையும் விரிவாகத் தொகுத்து ஆராய்ந்த எவரெட் பெர்குசன், 2009இல் வெளிவந்த தம் பெருநூலில், முதல் ஐந்து நூற்றாண்டுகளில் முழுக்கே பொதுவழக்கு என்றும், நோயும் நீர்ப் பற்றாக்குறையும் போன்ற சூழல்களில் ஊற்றுதல் விதிவிலக்காக ஏற்கப்பட்டது என்றும் முடிவுகட்டினார்.

கிழக்கும் மேற்கும் பிரிந்த விதம்

முழுக்கைக் கைக்கொண்டவர்களுக்குள்ளும் ஒருமுறையா மும்முறையா என்ற வினா இருந்தது. மும்முறை முழுக்கு மூவொரு கடவுள் நம்பிக்கையின் அடையாளமாகக் கொள்ளப்பட்டாலும், ஸ்பெயினில் ஆரியுசுக் கொள்கையினர் அதையே ஏற்றத்தாழ்வு பற்றிய தம் போதனைக்குத் துணையாக்கினர். அவர்களிடமிருந்து வேறுபட்டு நிற்க ஒருமுறை முழுக்கே போதும் எனத் திருத்தந்தை பெரிய கிரகோரி 591இல் செவில் ஆயர் லியாந்தருக்கு எழுதினார். 633இல் கூடிய நான்காம் தொலேதோச் சங்கம் அதை ஸ்பெயின் முழுமைக்கும் விதியாக்கியது. நம்பிக்கை ஒன்றாக இருக்கும்போது வழக்கம் வேறுபடுவதால் தீங்கில்லை என்ற கிரகோரியின் நெறி இவ்விவாதத்தின் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

மேலைத் திருச்சபையில் ஊற்றுதல் பொதுவழக்கானது ஒரே ஆணையால் அன்று, படிப்படியாகவே. திருமுழுக்குப் பெறுவோர் ஏறக்குறைய அனைவரும் கைக்குழந்தைகளாகிவிட்ட நிலையும், குளிர்நாட்டுத் தட்பவெப்பமும், நோயுற்ற குழந்தைகளுக்கு விரைந்து கொடுக்கவேண்டிய தேவையும் இம்மாற்றத்துக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், முழுக்கே பரவலான வழக்காதலால் பாதுகாப்பானது என்றும், ஊற்றியும் தெளித்தும் கொடுத்தாலும் திருமுழுக்கு செல்லும் என்றும் எழுதினார்; 1311இல் இரவென்னாவில் கூடிய சங்கம் இரு முறைகளையும் சமநிலையில் வைத்தது. அடுத்த இரு நூற்றாண்டுகளில் ஊற்றுதலே மேற்கின் வழக்காயிற்று.

கிழக்குத் திருச்சபைகள் மும்முறை முழுக்கை விடவில்லை. சிரிய மரபினர் சிலர் குழந்தையைத் தொட்டியில் அமர்த்தித் தலையில் நீர் வார்க்கும் கலப்பு முறையைப் பேணுகின்றனர். இந்த வேறுபாடு பின்னர் பிளவின் கருவியாயிற்று. 1755இல் கான்ஸ்டாண்டிநோபிள் மறைமுதுவர் ஐந்தாம் சிரில், ஊற்றுதலால் மட்டும் திருமுழுக்குப் பெற்ற இலத்தீன் திருச்சபையினர் மரபுவழித் திருச்சபையில் சேரும்போது மீண்டும் திருமுழுக்குப் பெறவேண்டும் என ஆணையிட்டார். ஆனால் இரஷ்யத் திருச்சபை 1667ஆம் ஆண்டுச் சங்கத்திலேயே அத்தகைய மறுதிருமுழுக்கைக் கைவிட்டிருந்தது. ஒரே மரபைச் சேர்ந்த இரு திருச்சபைகள் ஒரே காலத்தில் எதிரெதிர் விடைகளைக் கொண்டிருந்தன என்பது, முறையைப் பற்றிய தீர்ப்பு காலச் சூழலையும் எவ்வளவு சார்ந்தது என்பதைத் தெளிவாக்குகிறது.

சீர்திருத்த காலம்

மார்ட்டின் லூத்தர் 1520இல் எழுதிய நூலில், திருமுழுக்குப் பெறுவோர் முழுமையாக நீரில் அமிழ்வதையே தாம் விரும்புவதாகவும், அதைக் கட்டாயமாகக் கருதவில்லை என்றும் கூறினார். அமிழ்ந்து எழுதல் இறப்பையும் உயிர்ப்பையும் நிறைவாகக் காட்டுகிறது என்பது அவர் தந்த காரணம். கால்வின், சொல்லின் பொருளும் தொன்மைத் திருச்சபையின் வழக்கும் முழுக்கே என ஒப்புக்கொண்டு, ஆனால் ஒருமுறையா, மும்முறையா, ஊற்றுதலா, தெளித்தலா என்பதை அந்தந்த நாட்டின் சபைகளுக்கு விட்டுவிடலாம் என்றார்.

மறுதிருமுழுக்காளர் என எதிரிகளால் அழைக்கப்பட்டோர் 1525 ஜனவரி 21 அன்று சூரிக் நகரில் தொடங்கிய இயக்கமும் முதலில் முழுக்குக்காக எழுந்ததன்று. அன்று கொன்ராட் கிரேபல் ஜார்ஜ் பிளவுராக்குக்கு நீர் ஊற்றியே திருமுழுக்குக் கொடுத்தார். அவர்களது போராட்டம் குழந்தைத் திருமுழுக்குக்கு எதிரானது. அவ்வியக்கத்தின் பெலிக்ஸ் மான்ஸ் 1527 ஜனவரியில் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். உயிரளிக்கும் அடையாளமாகக் கிறித்தவர் போற்றும் நீரே கிறித்தவர் கையில் கொலைக்கருவியானது இவ்விவாத வரலாற்றின் பெருங்கறை.

முழுக்கை மட்டுமே திருமுழுக்காக ஏற்கும் கொள்கை ஆங்கில பாப்டிஸ்டுகளிடம் உறுதிப்பட்டது. 1609இல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ஸ்மித் தமக்குத் தாமே திருமுழுக்குக் கொடுத்துக்கொண்டபோது நீரை ஊற்றியே செய்தார் எனக் கருதப்படுகிறது. முழுக்கு 1640களின் தொடக்கத்தில்தான் அவர்களிடையே வேரூன்றி, 1644ஆம் ஆண்டின் இலண்டன் நம்பிக்கை அறிக்கையில் விதியாக இடம்பெற்றது. அதே ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டர் பேரவையில் பிரஸ்பிட்டேரியன் குருக்கள் முழுக்கைத் தம் வழிபாட்டு முறையிலிருந்து விலக்குவதா என வாக்கெடுத்தபோது, வாக்குகள் 25க்கு 24 என ஒரே வாக்கு வேறுபாட்டில் முடிந்தன. 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் வழிபாட்டு நூல், குழந்தை தாங்கும் எனச் சான்று கூறப்பட்டால் நீரில் அமிழ்த்தவும், நலிந்த குழந்தையாயின் ஊற்றவும் விதித்தது. நடைமுறையில் விதிவிலக்கே விதியாயிற்று.

இந்திய மண்ணில்

இந்தியாவில் இவ்விவாதம் இரண்டு வகையாக வெளிப்பட்டது. முதலாவது, நீரைச் சுற்றியுள்ள துணைச்சடங்குகள் பற்றியது. அக்காலத்து இலத்தீன் முறையில் குரு தம் உமிழ்நீரைத் தொட்டுப் பெறுபவரின் செவியிலும் மூக்கிலும் இடுவதும், அவர்மேல் ஊதுவதும் திருமுழுக்கின் பகுதிகள். எச்சிலைத் தீட்டாகக் கருதும் தமிழரிடையே இவை அருவருப்பை விளைவித்ததால் மதுரை மறைத்தளத்து இயேசு சபையார் அவற்றைத் தவிர்த்தனர். 1703இல் புதுச்சேரி வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன் 1704இல் அவற்றை விடக்கூடாது என ஆணையிட்டார். மலபார்ச் சடங்கு வழக்கு எனப் பெயர்பெற்ற பூசல் 1744இல் திருத்தந்தை பதினான்காம் ஆசீர்வாதப்பரின் ஆணையோடுதான் முடிவுக்கு வந்தது.

இரண்டாவது, முழுக்கு பற்றியது. பாப்டிஸ்ட் ஊழியர் வில்லியம் கேரி 1800 டிசம்பரில் கிருஷ்ண பாலுக்குச் செராம்பூரில் ஹூக்ளி ஆற்றில் முழுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். காங்கிரிகேஷனல் சபையின் ஊழியராக அமெரிக்காவிலிருந்து புறப்பட்ட அதோனிராம் ஜட்சன், கப்பற்பயணத்தின்போது இவ்வினாவை ஆராய்ந்து கருத்து மாறி, 1812இல் கல்கத்தாவில் முழுக்குப் பெற்று பாப்டிஸ்டானார். பின்னர் பாப்டிஸ்ட் ஊழியர்களின் வங்காள மொழிபெயர்ப்பு, பாப்டிசோ என்பதை முழுக்கைக் குறிக்கும் சொல்லாலேயே பெயர்த்ததால், வேதாகமச் சங்கங்கள் அதற்கு உதவ மறுத்தன. விளைவாக 1836இல் அமெரிக்காவிலும் 1840இல் இலண்டனிலும் பாப்டிஸ்டுகள் தனிச் சங்கங்களை அமைத்துக்கொண்டனர்.

தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் பெந்தெகொஸ்தே சபைகள் வளர்ந்தபோது, குழந்தைப் பருவத்தில் தெளிப்பு ஞானஸ்நானம் பெற்றவர்கள் முழுக்கு ஞானஸ்நானம் எடுப்பது பரவலாயிற்று. முழுக்குச் சபையார் இதை முதல் கீழ்ப்படிதலாகக் காண, பழைய சபையார் ஒரே திருமுழுக்கு என்ற நம்பிக்கை அறிக்கைக்கு மாறான மறுதிருமுழுக்காகக் காண்கின்றனர். ஒரே குடும்பத்துக்குள்ளும் இது மனக்கசப்பை விளைவிப்பது தமிழ்க் கிறித்தவர் நன்கறிந்ததே.

அடையாளத்தின் பொருள் பற்றிய வாதம்

வரலாற்றுக்கு அப்பால், நீர் எதைக் காட்டுகிறது என்பதே இறையியலின் மையவினா. முழுக்குத் தரப்பார் உரோமையர் மடல் ஆறாம் அதிகாரத்தைப் பற்றி நிற்கின்றனர். திருமுழுக்கால் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டு அவரோடு உயிர்த்தெழுகிறோம் என்று பவுல் கூறும் உண்மையை, நீருள் மறைந்து மீண்டும் வெளிப்படுவதைப் போல வேறெதுவும் காட்டாது என்பது அவர்கள் நிலை. மறுதரப்பார், தூய ஆவியார் பொழியப்படுகிறார் என்றே திருத்தூதர் பணிகள் கூறுவதையும், தீத்து மடல் கழுவுதலைப் பேசுவதையும் காட்டி, ஊற்றுதலும் மறைநூலின் அடையாளமே என்கின்றனர். இயேசுவின் உடல் மண்ணில் புதைக்கப்படாமல் பாறைக் கல்லறையில் வைக்கப்பட்டது என்றும், கலாத்தியர் மடல் திருமுழுக்கைக் கிறிஸ்துவை ஆடையாக அணிதலாகவும் கூறுவதால் எந்த ஒரு முறையும் எல்லா உருவகங்களையும் அடக்காது என்றும் அவர்கள் சேர்த்துக்கொள்கின்றனர். கடைசிக் கருத்து வலுவானது. ஆயினும் பவுல் விரிவாக எடுத்துரைக்கும் உருவகம் இறப்பும் உயிர்ப்புமே என்பதை அது மாற்றிவிடாது.

இணக்கத்தின் திசை

கடந்த அரை நூற்றாண்டில் இரு தரப்பும் நெருங்கியுள்ளன. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் முழுக்கு, ஊற்றுதல் ஆகிய இரண்டையும் குறிப்பிட்டுத் தெளித்தலைக் கூறாது விட்டது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு மும்முறை முழுக்கே மிகத் தெளிவான அடையாளம் என ஏற்கிறது. உலகத் திருச்சபைகள் மன்றத்தின் இறைநம்பிக்கை, ஒழுங்கு ஆணைக்குழு 1982இல் பெரு நாட்டின் லீமாவில் ஏற்ற ஆவணம், நீரின் அடையாளத்தைச் சுருக்கிவிடக் கூடாது எனவும் முழுக்கு அதைச் சிறப்பாகக் காட்டும் எனவும் கூறியது. 1970இல் நாகபுரியில் உருவான வட இந்தியத் திருச்சபை, ஆங்கிலிக்கன்களோடு பாப்டிஸ்டுகளும், மும்முறை முழுக்கைப் பேணும் சகோதரர் சபையும் ஒன்றாகச் சேர்ந்து அமைந்தது; முறை வேறுபாடு ஒன்றிப்புக்குத் தடையாக வேண்டியதில்லை என்பதை அது நடைமுறையில் காட்டியது.

இவ்வாய்வில் மூன்று வினாக்கள் கலந்து கிடக்கின்றன. தொடக்கத் திருச்சபை பெரும்பாலும் எதைச் செய்தது என்ற வினாவுக்கு விடை முழுக்கு. எது செல்லுபடியாகும் என்ற வினாவுக்கு, டிடாக்கேயும் சிப்பிரியனும் தரும் விடை, தேவை வரும்போது ஊற்றுதலும் முழுமையான திருமுழுக்கே என்பது. எந்த முறை பொருளை நிறைவாகக் காட்டுகிறது என்ற வினாவுக்கு, ஊற்றும் மரபைச் சேர்ந்த அக்குவினாசின் திருச்சபையும் லூத்தரும்கூட முழுக்கையே சுட்டுகின்றனர். முதல் விடையைக் கொண்டு இரண்டாவதை மறுப்பது முழுக்குச் சபைகளின் பிழை. இரண்டாவதைக் கொண்டு மூன்றாவதை மறந்துவிடுவது ஊற்றும் சபைகளின் பிழை. எனவே முழுக்குச் சபைகள், மூவொரு கடவுளின் பெயரால் நீர் வார்க்கப்பட்ட ஒருவரைத் திருமுழுக்குப் பெறாதவர் எனத் தள்ளுவதற்கு முன், நோயாளியின் படுக்கையருகே நீர் வார்த்த தொடக்கத் திருச்சபையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஊற்றும் சபைகள் விரல்நுனித் துளிகளோடு நின்றுவிடாமல், நீர் வழிந்தோடுவதைக் கண்ணாரக் காணும்படி தாராளமாக ஊற்ற வேண்டும், இயலும் இடத்தில் முழுக்குக்கும் வழிசெய்ய வேண்டும். நீரின் அளவு அருளை அளப்பதில்லை. அதைக் காரணமாக்கி அருளின் அடையாளத்தைக் குறுக்குவதும் முறையாகாது.